இருபத்து மூன்றாவது பெண்

இன்ஷிரா: ...உங்க கோட்டு நுனியைக் கொஞ்சம் இழுத்துக்குங்க ஐயா, தட்டுல பஸ்பூசா இருக்கு, ரவைக் கேக். பாகு ஒழுகிச்சுன்னா எந்தச் சலவைக்காரனாலயும் எடுக்க முடியாது. எங்க வீட்டுக்காரர் இஸ்திரிக் கடை வெச்சிருந்தவரு, அனுபவத்துல சொல்றேன்.

ஹில்மி: தாராளமா வைங்கம்மா. பெஞ்சு காலியாத்தான் இருக்கு. இவ்வளவு இனிப்பு யாருக்கு?

இன்ஷிரா: உள்ளே இருக்காங்களே, டாக்டர் சாஃபினாஸ், அவங்களுக்கு. இன்னிக்குத்தானே பட்டம்.

ஹில்மி: பட்டம் இன்னும் கொடுக்கலையே.

இன்ஷிரா: கொடுப்பாங்க. கொடுக்காம எங்க போவாங்க? ஆமா, நீங்க ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க? எல்லாம் முடிஞ்சிருச்சா?

ஹில்மி: கேள்வி கேக்கறது முடிஞ்சுது. தேர்வாளருங்க மூணு பேரு. அவங்க கூடிப் பேசி ஒரு அறிக்கை எழுதுவாங்க. அதை ஹால்ல எல்லார் முன்னாலயும் வாசிப்பாங்க. அப்பத்தான் டாக்டர்.

இன்ஷிரா: ஐயோ, அப்ப மொத்தமும் விட்டுப்போச்சா! இம்பாபாவுல எட்டரைக்கு ஏறினேன். பாலத்து மேல மினிபஸ் படுத்துருச்சு. டிரைவர் இறங்கி டயரைப் பாக்கறான், வானத்தைப் பாக்கறான், என்னைப் பாக்கறான்... நான் என்ன மெக்கானிக்கா?

ஹில்மி: அடடா.

இன்ஷிரா: நீங்க உள்ளே இருந்தீங்களா?

ஹில்மி: இருந்தேன்.

இன்ஷிரா: கடைசி வரைக்குமா?

ஹில்மி: கடைசி வரைக்கும்.

இன்ஷிரா: அப்ப ஒண்ணு விடாம சொல்லுங்க. சொன்னா ஒரு துண்டு பஸ்பூசா. நல்லபடியா சொன்னா ரெண்டு.

ஹில்மி: எனக்குச் சர்க்கரை இருக்கும்மா.

இன்ஷிரா: எனக்கும் இருக்கு. அதனால என்ன? சொல்லுங்க. அவங்க எப்படி இருந்தாங்க?

ஹில்மி: பேச ஆரம்பிக்கறதுக்குள்ள மூணு தடவை தண்ணி குடிச்சாங்க. அப்புறம்... அப்புறம் யாராலயும் நிறுத்த முடியல.

இன்ஷிரா: அதான் எங்க டாக்டர்! ஆராய்ச்சி என்னன்னு தெரியுமில்ல உங்களுக்கு?

ஹில்மி: தெரியும். நாப்பது பொம்பளைங்க. எழுதப் படிக்கத் தெரியாம முதியோர் வகுப்புக்கு வந்தவங்க. வருஷா வருஷம் அதே கேள்விங்க, பதினோரு வருஷம். முப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு மனுஷியோட குணம் மாறுமா, மாறாதா? அதான் கேள்வி.

இன்ஷிரா: அதுல நாலு கட்சி இருக்கு. அதுவும் தெரியுமா?

ஹில்மி: நாலு கட்சியா? நீங்க சொல்லுங்க, கேப்போம்.

இன்ஷிரா: வெள்ளிக்கிழமை வகுப்பு முடிஞ்சு டீ போடுவோம். அப்ப டாக்டர் கதை மாதிரி சொல்லுவாங்க. முதல் கட்சி வியன்னா. நீ இன்னிக்கு ஏன் இப்படி இருக்கேன்னு கேட்டா, அஞ்சு வயசுக்குள்ள உங்கம்மா உன்னை என்ன பண்ணாங்கன்னு திருப்பிக் கேக்கற கட்சி. மனசுக்குள்ள ஒரு நிலவறை இருக்காம். நாம பூட்டி வெச்சதெல்லாம் அங்க கிடந்து, கனவுல படியேறி வருமாம்.

ஹில்மி: சரியாத்தான் சொல்றீங்க.

இன்ஷிரா: எங்க நஃபூசா எந்திரிச்சு, "டாக்டர், நாங்க ஒத்தை ரூம்ல ஏழு பேரு படுக்கறோம். நிலவறைக்கு நான் எங்க போக? எதைப் பூட்டி வெக்க?"ன்னு கேட்டா.

ஹில்மி: ஹ... ஹஹ்ஹா! அதுக்கு உங்க டாக்டர் என்ன சொன்னாங்க?

இன்ஷிரா: அவங்களுக்கு டீ புரையேறிடுச்சு. ரெண்டாவது புறாக் கட்சி. தானியம் போட்டா புறா சொன்னபடி சுத்தும், போடாட்டி சுத்தாது, மனுஷனும் அவ்வளவுதான். இதை நாங்க உடனே பிடிச்சுக்கிட்டோம். எங்க தெருவுல மொட்டை மாடிக்கு மொட்டை மாடி புறாக் கூண்டுதானே?

ஹில்மி: மூணாவது?

இன்ஷிரா: தராசுக் கட்சி. குணத்துக்கு அஞ்சு தராசு வெச்சிருக்காங்க. நாலு பேரோட கலக்கறது ஒண்ணு. இளகின மனசு ஒண்ணு. ஒழுங்கா வேலை பாக்கறது, சும்மா சும்மா கவலைப்படறது, புதுசைக் கண்டா பயப்படாம கிட்டப் போறது... அஞ்சாச்சா? முப்பது வயசுல முள்ளு எங்க நிக்குதோ, கபர்க் குழியில வெக்கற வரைக்கும் அங்கதான் நிக்குமாம்.

ஹில்மி: கொஞ்சம் கொஞ்சம் நகரும்னுதான் அவங்களும் சொல்றாங்க.

இன்ஷிரா: ஓ! நீங்க அந்தக் கட்சியா?

ஹில்மி: நான்... பாடம் நடத்தறவன். எல்லாக் கட்சியும் தெரியும்.

இன்ஷிரா: கோவிச்சுக்காதீங்க. நாலாவது செடிக் கட்சி. எல்லாருக்குள்ளயும் வித்து இருக்கு, மேல கிடக்கற கல்லை எடுத்துட்டுத் தண்ணி விட்டா தானா முளைக்கும். கேக்கவே சுகமா இருக்கும். "நீங்க இந்தக் கட்சிதானே டாக்டர்?"னு கேட்டோம். "நான் எண்ணிப் பாக்கற கட்சி, எண்ணி முடிக்கற வரைக்கும் எனக்கும் தெரியாது"ன்னுட்டாங்க.

ஹில்மி: அப்படியா சொன்னாங்க?

இன்ஷிரா: அல்லா சத்தியமா. சரி, பேச்சை மாத்தாதீங்க. கேள்வி கேட்டவங்கள்ல யாரு மோசம்?

ஹில்மி: மோசம்னா...

இன்ஷிரா: யாராவது ஒருத்தர் இருப்பாருல்ல. எங்க தெரு கல்யாணத்துலயே சோத்துல உப்பு இல்லேன்னு ஒருத்தர் எந்திரிப்பாரு.

ஹில்மி: அசியூத்ல இருந்து ஒருத்தர் வந்திருந்தாரு. வெளித் தேர்வாளர்.

இன்ஷிரா: தெற்கத்திக்காரரா! போச்சுடா.

ஹில்மி: ஏன், தெற்கத்திக்காரருக்கு என்ன?

இன்ஷிரா: அவங்க மண்டையில ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். ஒரு தெற்கத்திக்காரர் லிஃப்ட்டுல ஏறி, எட்டு மணி நேரம் நின்னாராம். ஏன்யா பட்டனை அமுக்கலேன்னு கேட்டா, "அமுக்குன்னு எனக்கு உத்தரவு போட அது யாரு?"ன்னாராம். ...நீங்க எந்த ஊரு?

ஹில்மி: நான் ரயில்ல வந்தேன்.

இன்ஷிரா: ரயில்லன்னா? அலெக்ஸாந்திரியாவா?

ஹில்மி: ரயில் ரெண்டு பக்கமும் போகுதேம்மா.

இன்ஷிரா: ம்... போகுது, போகுது. சரி, அந்த ஆணி மண்டை என்ன கேட்டாரு?

ஹில்மி: இருபத்திமூணாம் நம்பரைப் பத்திக் கேட்டாரு.

இன்ஷிரா: ஐயோ!

ஹில்மி: என்னம்மா?

இன்ஷிரா: ஒண்ணுமில்ல. தட்டு சாயுது. சொல்லுங்க.

ஹில்மி: ஆராய்ச்சியில யாருக்கும் பேரு கிடையாது, நம்பர்தான். அந்த இருபத்திமூணு, முதல் வருஷம் கலந்து பழகற தராசுல நாப்பது பேர்லயும் கடைசி. எட்டு மாசம் வகுப்புல வாயே திறக்கலைன்னு எழுதியிருக்கு. பதினோராவது வருஷம் அதே பொம்பளை மேல இருந்து ரெண்டாவது. அந்த அசியூத்காரர் முப்பத்தஞ்சு வருஷமா குணங்களை அளக்கறவரு. இப்படி ஒரு தாவலை அவர் பாத்ததே இல்ல. அதனால கேட்டாரு, "ஒண்ணு, உங்க முதல் அளவு தப்பு. இல்லேன்னா இந்தப் பொம்பளை உங்க கற்பனை."

இன்ஷிரா: கற்பனையா?

ஹில்மி: ஹால் முழுக்க டாக்டர் பக்கம் திரும்பிப் பாத்துச்சு.

இன்ஷிரா: பதினோரு வருஷம் வெயில்லயும் புழுதியிலயும் நடந்து வந்த மனுஷியைப் பாத்து, கதை கட்டினேன்னா சொன்னாரு?

ஹில்மி: கேள்விதான் கேட்டாரு...

இன்ஷிரா: அதுக்குப் பேரு கேள்வியா? ...டாக்டர் என்ன சொன்னாங்க?

ஹில்மி: "கற்பனை இல்லை"ன்னாங்க. "அப்ப பேரைச் சொல்லுங்க, ஆளை வரச் சொல்லுங்க, சந்தேகம் தீர்ந்துரும்"னாரு. "சொல்ல மாட்டேன். பேரு வெளிய வராதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்"னாங்க. "அந்த அத்தியாயமே இவ மேலதான் நிக்குது. எடுத்துட்டா சரிஞ்சிரும்"னாரு.

இன்ஷிரா: அதுக்கு?

ஹில்மி: "சரியட்டும். பட்டம் போனாலும் அவ பேரு என் வாயில இருந்து வராது"ன்னாங்க.

இன்ஷிரா: ...பட்டம் போனாலும்னு?

ஹில்மி: அதே வார்த்தை.

இன்ஷிரா: ஐம்பத்தி ரெண்டு வயசு அவங்களுக்கு. பள்ளிக்கூட வேலை, ரெண்டு பிள்ளைங்க, படுக்கையில மாமனார். இதுக்கு நடுவுல எழுதினது ஐயா அது. ...கைக்குட்டை இருக்கா?

ஹில்மி: இந்தாங்க.

இன்ஷிரா: பாகுதான். கண்ணுல பட்டுருச்சு.

ஹில்மி: புரியுது.

இன்ஷிரா: ...எனக்கு ஒரு பொம்பளையைத் தெரியும். அந்த இருபத்திமூணா என்னான்னு தெரியாது. எங்க தெருக்காரி. சொல்லட்டா?

ஹில்மி: சொல்லுங்க.

இன்ஷிரா: அவளுக்கு யாரோடயும் பேச வராது. ஊமை இல்ல. வீட்டுக்குள்ள புருஷன்கிட்ட, பிள்ளைங்ககிட்ட பேசுவா. வாசலைத் தாண்டினா நாக்கு மேல்வாயில ஒட்டிக்கும். ரொட்டிக் கடை ஜன்னல்ல வரிசையில நிப்பா. பின்னால வந்தவ எல்லாம் முண்டி வாங்கிட்டுப் போவா. இவ "எனக்கு இருபது"ன்னு சொல்ல மாட்டாம, ஜன்னலைச் சாத்தினதும் வெறுங்கையோட வீட்டுக்குப் போவா.

ஹில்மி: புருஷன்?

இன்ஷிரா: கெட்டவர் இல்ல. அடிச்சதில்ல. ஆனா அவளுக்கான பதில் எல்லாம் அவர் வாயிலதான் இருக்கும். விருந்தாளி வந்து "எப்படிம்மா இருக்கே?"ன்னா, "அவ நல்லா இருக்கா"ம்பாரு. டாக்டர் "எங்க வலிக்குது?"ன்னா, "அவளுக்கு முட்டி வலி"ம்பாரு. வலிச்சது இடுப்பு.

ஹில்மி: சொல்லலையா அவங்க?

இன்ஷிரா: முட்டிக்கு மாத்திரை சாப்பிட்டா. ...ஒரு தடவை அவர் ஊர்ல இல்ல. பொண்ணுக்கு நாலு வயசு, காய்ச்சல், காதுல சீழ். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. ஜன்னல்ல இருந்த ஆளு, "என்ன?"ன்னான். இவளுக்கு வாய் வரல. "தள்ளி நில்லு"ன்னான். நின்னா. சாயந்தரம் வரைக்கும் நின்னா ஐயா. ஜன்னலை மூடிட்டாங்க. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி கூட்டிட்டுப் போறதுக்குள்ள... அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கும் இடது காது கேக்காது.

ஹில்மி: வீட்டுல யாருக்கும் தெரியாதா?

இன்ஷிரா: புருஷனுக்குத் தெரியாது. பொண்ணுக்கும் இத்தனை வருஷம் தெரியாது. ஒரே ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருந்தா.

ஹில்மி: அதான் பேரைச் சொல்லல.

இன்ஷிரா: எழுதப் படிக்க வகுப்புக்கு வந்தது அதுக்கு ஏழு வருஷம் கழிச்சு, நாப்பத்தி ரெண்டு வயசுல. ஆஸ்பத்திரியில பேச முடியாட்டியும் ஒரு சீட்டுல எழுதி நீட்டலாமேன்னு. எட்டு மாசம் மூலையில உக்காந்திருந்தா. ஒரு நாள் டாக்டர் சாஃபினாஸுக்கு ஜுரம் வந்து தொண்டை கட்டிப்போச்சு. வருகைப் பதிவேட்டைத் தூக்கி இவ மடியில போட்டு, "நீ வாசி"ன்னு சைகை காட்டினாங்க.

ஹில்மி: வேற ஆளே இல்லையா?

இன்ஷிரா: முப்பத்தொம்பது பேரு இருந்தாங்க! ஆனா எழுத்துக் கூட்டி வாசிக்கறதுல இவதான் கெட்டி. பேச்சுதான் வராதே தவிர, புத்தி வேலை செஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அட்டையில கை வேர்த்து ஈரமாயிடுச்சு. முதல் பேரு நஃபூசா. எறும்பு பேசற மாதிரி சொன்னேன். மூணாவது வரிசையில இருந்து, "இருக்கேன்!"னா.

ஹில்மி: ம்.

இன்ஷிரா: அடுத்தது பஹிய்யா. "இருக்கேன்!" அடுத்தது வஜீதா. "இருக்கேன்!" ஒவ்வொரு பேருக்கும் ஒருத்தி நிமிந்து பாக்கறா. என் வாழ்க்கையில நான் கூப்பிட்டு ஒருத்தர் பதில் சொன்னது அன்னிக்குத்தான் ஐயா. இருபத்தி மூணாவது பேரு வந்துச்சு. இன்ஷிரா. தெருவுல என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்ல, மகன் பேரை வெச்சு ஆதில் அம்மா, ஆதில் அம்மான்னுதான். நானே கூப்பிட்டு, நானே "இருக்கேன்"னேன். வகுப்பே கை தட்டுச்சு.

ஹில்மி: அம்மா...

இன்ஷிரா: அப்புறம் பாருங்க, ரொட்டிக் கடையில போய்...

ஹில்மி: அம்மா. "நான்"னு சொல்லிட்டீங்க.

இன்ஷிரா: ...எப்ப?

ஹில்மி: "எறும்பு பேசற மாதிரி சொன்னேன்"னு. அப்ப இருந்தே.

இன்ஷிரா: சொல்லிட்டேனா? ...சரி, சொல்லிட்டேன். இன்ஷிரா. இஸ்திரிக் கடை சாபிர் பொண்டாட்டி. இருபத்திமூணாம் நம்பர். கிள்ளிப் பாக்கறீங்களா, கற்பனையான்னு?

ஹில்மி: வேண்டாம். ...ரொட்டிக் கடையில என்ன ஆச்சு?

இன்ஷிரா: "எனக்கு இருபது!"ன்னேன். கத்தின கத்துல கடைக்காரன் நாப்பது கொடுத்துட்டான்.

ஹில்மி: ஹஹ்ஹா!

இன்ஷிரா: எங்க தெருவுல குடிதண்ணியில சாக்கடை கலந்து வரும். பிள்ளைங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும். கவுன்சில் ஆபீசுக்கு ஏழு தடவை போனேன். ஏழாவது தடவை ஒரு பாட்டில்ல அந்தத் தண்ணியைப் பிடிச்சுட்டுப் போய் எஞ்சினியர் மேசையில வெச்சு, "குடிங்க, குடிச்சுட்டு நாளைக்கு வரச் சொல்லுங்க, வரேன்"னேன். ரெண்டு மாசத்துல புதுக் குழாய் வந்துச்சு.

ஹில்மி: உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?

இன்ஷிரா: "யாருடி நீ?"ன்னாரு. கொஞ்ச நாள் முறைச்சாரு. அப்புறம் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பாட்டில் கதையை அவரே சொல்ல ஆரம்பிச்சாரு. மூணு வருஷம் முன்னால பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. இப்ப அவருக்காக நான்தான் பேசறேன்.

ஹில்மி: காலம் பாருங்க.

இன்ஷிரா: ஆனா ஒண்ணு. நான் அவரைக் கேட்டுட்டுத்தான் பேசறேன். "முட்டியா, இடுப்பா?"ன்னு கேப்பேன். கண்ணைச் சிமிட்டுவாரு. அப்புறம்தான் டாக்டர்கிட்ட சொல்லுவேன். அவர் என்னைக் கேட்டதில்ல, தெரியுமா?

ஹில்மி: ...தெரியும்மா. இப்பத் தெரியும். ஆனா, ஒரு கேள்வி கேக்கலாமா? கோவம் வரக் கூடாது.

இன்ஷிரா: தாராளமா.

ஹில்மி: நீங்க மாறலேன்னு ஒருத்தர் சொல்லலாம். இந்தப் பேச்சு, இந்தக் கேலி எல்லாம் உங்களுக்குள்ள அப்பவே இருந்திருக்கு. சந்தர்ப்பம்தான் வரல. அப்ப குணம் மாறினதா ஆகாதே? மேல இருந்த துணியை எடுத்திருக்கீங்க, அவ்வளவுதானே?

இன்ஷிரா: இதையும் அந்த அசியூத்காரர் கேட்டாரா?

ஹில்மி: கேட்டிருப்பாரு. நேரம் இல்ல.

இன்ஷிரா: அப்ப நான் பதில் சொல்றேன், அவர்கிட்ட சொல்லிருங்க. முதல் வருஷம் உங்க தராசுல கடைசியா நின்னது யாரு? "நாலு பேரோட பழகப் பிடிக்குமா?"ன்னு காகிதத்துல இருக்கு. டாக்டர் வாசிக்க, நான் தலையாட்டி என்ன பதில் சொன்னேன் தெரியுமா? வீட்டுக்காரர் என்ன சொல்லுவாரோ அதுக்குத் தலையாட்டினேன். அம்பது கேள்விக்கும் அப்படித்தான். அன்னிக்கு நீங்க அளந்தது என்னை இல்ல ஐயா, சாபிரை.

ஹில்மி: சாபிரையா!

இன்ஷிரா: உள்ளே இருந்துச்சு, வெளிய வந்துச்சுன்னு சொன்னா, சரி, வெச்சுக்குங்க. ஆனா நாட்டுல எத்தனை பொம்பளையை அளந்து, எத்தனை சாபிரை எழுதி வெச்சிருக்கீங்க? அதை எல்லாம் அழிச்சிட்டுத் திருப்பி அளப்பீங்களா?

ஹில்மி: முப்பத்தஞ்சு வருஷத்துக் காகிதங்களை நினைச்சுப் பாக்கறேன்.

இன்ஷிரா: யாரு காகிதம்?

ஹில்மி: ...கதவைத் திறக்கறாங்க. கூப்பிடறாங்க. நான் உள்ளே போகணும்மா. நீங்களும் வாங்க, வாசிக்கப் போறாங்க.

இன்ஷிரா: நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வரேன். பஸ்பூசாவை விட்டுட்டுப் போறீங்களே!

ஹில்மி: திரும்பி வந்து சாப்பிடறேன்.

*

இன்ஷிரா: லுலுலுலுலுலூ...!

சாஃபினாஸ்: ஐயோ, இன்ஷிரா, மெதுவா! வராந்தாவுல குலவை போடக் கூடாதுன்னு காவலாளி அப்பவே...

இன்ஷிரா: ஹால்லதானே கூடாதுன்னான்? லுலுலுலூ...! டாக்டர்! டாக்டர்! என்ன வாசிச்சாரு அந்த ஆளு? திருப்பிச் சொல்லுங்க, இந்தக் காதால இன்னொரு தடவை கேக்கறேன்.

சாஃபினாஸ்: முதல் தர மதிப்போட பட்டம்... அச்சுல போட்டு மத்த பல்கலைக்கழகத்துக்கெல்லாம் அனுப்பச் சொல்லியிருக்காங்க. மூணு பேரும் ஒருமனசா.

இன்ஷிரா: உக்காருங்க. வாயைத் திறங்க. முதல் துண்டு உங்களுக்கு.

சாஃபினாஸ்: ம்ம்... இரு, இரு! அவர் இங்கதான் வராரு. டாக்டர் ஹில்மி. அசியூத்காரர். நீ யாருன்னு தெரியக் கூடாது. சொந்தக்காரின்னு சொல்லிடறேன். நீ ஒண்ணும் பேசாதே.

ஹில்மி: வாழ்த்துகள், டாக்டர் சாஃபினாஸ். இப்ப அந்தப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கு.

சாஃபினாஸ்: நன்றி சார். ரொம்ப நன்றி. இவங்க... எங்க அத்தை வழியில... தூரத்துச் சொந்தம். இனிப்பு கொண்டு வந்தாங்க.

ஹில்மி: அப்படியா? தூரத்துச் சொந்தமா?

சாஃபினாஸ்: ரொம்ப தூரம் சார்.

இன்ஷிரா: போதும் டாக்டர். நான் சொல்லிட்டேன்.

சாஃபினாஸ்: என்ன சொன்னே?

இன்ஷிரா: எல்லாத்தையும். பேரு, சாபிர், ரொட்டிக் கடை. காதையும்.

சாஃபினாஸ்: இன்ஷிரா! காதையுமா? உன் பொண்ணுக்குத் தெரிஞ்சா... நான் பட்டத்தையே விடறேன்னு நின்னது எதுக்கு?

இன்ஷிரா: ரிஹாபுக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை சொன்னேன். உங்களுக்கு நாள் குறிச்சதுல இருந்தே மனசுல ஓடிக்கிட்டிருந்துச்சு. யாராவது சந்தேகப்பட்டா நான் எந்திரிக்கணும், எந்திரிக்கணும்னா முதல்ல அவகிட்ட சொல்லியிருக்கணும்.

சாஃபினாஸ்: அவ... என்ன சொன்னா?

இன்ஷிரா: என் கையை எடுத்து அந்தக் காது மேல வெச்சுக்கிட்டு, "மாமியார் என்னைத் திட்டறப்ப நான் இந்தப் பக்கத்தைத்தான் திருப்பறேன் அம்மா, பெரிய உபகாரம்"னா. ரெண்டு பேரும் அழுதோம். சிரிச்சோம்.

சாஃபினாஸ்: அட அல்லா...

ஹில்மி: இன்ஷிரா அம்மா, நானும் ஒண்ணு ஒத்துக்கணும். நான் வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தப்பவே கையெழுத்துப் போட்டுட்டேன்.

சாஃபினாஸ்: போட்டுட்டீங்களா?

ஹில்மி: மூணு பேருமே. அறிக்கையைத் தட்டச்சு பண்ணிட்டிருந்தாங்க, பிரிண்டர் தகராறு. அதான் அவ்வளவு நேரம். கற்பனையான்னு நான் கேக்காட்டி நாளைக்கு வேற யாராவது நீங்க இல்லாத இடத்துல கேப்பாங்க டாக்டர். அதான் உங்க முன்னாலயே கேட்டேன். பட்டம் போனாலும் பேரைச் சொல்ல மாட்டேன்னு நீங்க நின்னீங்களே, அங்க எனக்குச் சந்தேகம் தீர்ந்துச்சு. பொய் சொல்றவங்க ஒரு பேரையும் சேத்துச் சொல்லிருவாங்க. அதனால இவங்க பேசினதால உங்களுக்குப் பட்டம் வரல. அது முழுக்க உங்க சொந்தச் சம்பாத்தியம்.

சாஃபினாஸ்: சார், உங்க வாயால இதைக் கேட்டதே போதும்.

ஹில்மி: நான்தான் உங்ககிட்ட கத்துக்கிட்டேன். குணத்துக்கு எலும்புக்கூடு உண்டுன்னு இன்னும் நம்பறேன். கொஞ்சம் தடிமனா வரைஞ்சுட்டேன் போல. அடுத்த மாசம் அசியூத்ல என் மாணவிகளைக் கூப்பிட்டு, பழைய காகிதத்துல எத்தனை பேருக்குப் புருஷன் பதில் சொல்லியிருக்காருன்னு தேடச் சொல்லப் போறேன். வழி காட்ட நீங்க ரெண்டு பேரும் வரணும்.

இன்ஷிரா: வரோம். ஆனா இருங்க, இருங்க. கையெழுத்துப் போட்டுட்டு, ஒண்ணும் தெரியாதவர் மாதிரி உக்காந்து என் கதை முழுசையும் கறந்துட்டீங்களா?

ஹில்மி: தப்புதான். தட்டு சாஞ்சப்பவே நீங்கதான் இருபத்திமூணுன்னு சந்தேகம் வந்துச்சு. யாருன்னு சொல்லிட்டா நீங்க நிறுத்திருவீங்களோன்னு பயந்தேன். மன்னிக்கணும். நான்தான் அந்த ஆணி மண்டைன்னு தெரிஞ்சிருந்தா நீங்க பேசியிருக்க மாட்டீங்க.

இன்ஷிரா: தெரியாதுன்னு யாரு சொன்னா?

ஹில்மி: ...என்ன?

இன்ஷிரா: மினிபஸ் படுக்கவே இல்ல ஐயா. ஒம்பது மணியில இருந்து ஹால்ல கடைசி வரிசையிலதான் இருந்தேன். கறுப்பு அங்கியைக் கழட்டிட்டா அடையாளம் தெரியாதா? ரயில் ரெண்டு பக்கமும் போகுதுன்னீங்களே, சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

சாஃபினாஸ்: இன்ஷிரா! நீ உள்ளேயா இருந்தே? அப்ப அவர் பேரைக் கேட்டப்ப...

இன்ஷிரா: எந்திரிக்கத்தான் பாத்தேன் டாக்டர். முடியல. நாக்கு போய் மேல்வாயில ஒட்டிக்கிச்சு. பழைய இன்ஷிரா வந்து ரெண்டு தோளையும் பிடிச்சு அமுக்கினா. ஐயா சொல்ற எலும்பு அதுதான்னா, இருக்கு, இல்லேன்னு சொல்லல. ரெண்டு மணி நேரம் அந்த ஹால்ல இருபத்திமூணு உண்டு, இல்லைன்னு நாலு பேரு பேசினீங்க. நான் அங்கயே உக்காந்திருக்கேன், என்னை ஒருத்தரும் கேக்கல. அப்புறம் இவர் வெளிய வந்து தனியா உக்காந்ததைப் பாத்தேன். தட்டை எடுத்தேன். பதினோரு அடி நடை, ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வந்தேன். கையெழுத்துப் போட்டாச்சுன்னு நீங்க அப்பவே சொல்லியிருந்தாலும் நான் பெஞ்சை விட்டு எந்திரிச்சிருக்க மாட்டேன் டாக்டர் ஹில்மி. பட்டம் அவங்களுக்குக் கேட்டு நான் வரல. என்னைப் பத்திக் கேட்ட கேள்விக்கு என் வாயால பதில் சொல்ல வந்தேன். ...இப்பச் சாப்பிடுங்க, ரெண்டு துண்டு. நல்லபடியாத்தான் கேட்டீங்க.